சில்வானோ அல்தியேரியின் குரல்

காலையில் காபிக் கடைக்குப் போனால் நேவியோ கர்தேல்லி வாயைத் திறக்க மாட்டார். ஒரு விரலை நீட்டுவார், கடைக்காரர் சின்னக் கோப்பையை முன்னால் தள்ளுவார். அந்தத் தெருவில் அவரை ஊமை என்று நினைத்தவர்களும் உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஒருநாள் கல்லாவில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், விரல் பாஷை அவளுக்குப் புரியவில்லை. "ஒரு காபி, நல்லா சூடா" என்று கேட்டுத் தொலைத்தார். பின்னால் நின்றிருந்த இரண்டு பெண்கள் சட்டென்று திரும்பினார்கள். அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தார்கள், கதவுப் பக்கம் பார்த்தார்கள், ஒருத்தி தெருவுக்கே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர்கள் தேடியது சில்வானோ அல்தியேரியை.

பதினான்கு வருடம், இருபத்தொரு படம். சில்வானோ திரையில் காதலித்தது, சத்தியம் செய்தது, துரோகம் செய்தது, குண்டடி பட்டுச் செத்தது எல்லாமே நேவியோவின் தொண்டையால்தான். ரோமில் படம் எடுக்கிற லட்சணம் அப்படி. படப்பிடிப்பில் வாய் அசைந்தால் போதும். குரலைப் பிறகு இருட்டறையில் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். அந்தக் குரல் அந்த வாய்க்காரனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. முகத்தை ஒரு சந்தையில் வாங்குவார்கள், குரலை இன்னொரு சந்தையில் வாங்குவார்கள்.

நேவியோவும் நடிகராகத்தான் வந்தார். போர் முடிந்த கையோடு மார்க்கே மலையிலிருந்து ஒரு தோல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அவரை நிற்க வைத்துப் பார்த்த முதல் இயக்குநர், "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா இளவரசன், கண்ணைத் தொறந்தா ஜப்தி பண்ண வந்தவன்" என்றார். உதவியாளர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நேவியோவின் தலையெழுத்தாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் முகத்துக்குக் கிடைத்ததெல்லாம் கதவு திறந்துவிடும் வேலைக்காரன், பிணத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றும் டாக்டர். ஒருவனுக்கும் வசனம் இல்லை. தன் முகமும் தன் குரலும் ஒரே நேரத்தில் திரையில் வர வேண்டும், ஒரே ஒரு தடவை, அதைப் பார்த்துவிட வேண்டும். ஐம்பத்தாறு வயதில் அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

சில்வானோவின் கதை நேர் எதிர். கொமாக்கியோவில் விலாங்கு மீன் விற்றவர் பிள்ளை. கடவுள் முகத்தைச் செய்யும்போது கை நிறையக் கொடுத்துவிட்டு, குரலுக்கு வரும்போது கையை உதறிவிட்டார். கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை மாதிரி பேசுவான். அது போகட்டும், குரல் அமைவது யார் கையிலும் இல்லை. ஆனால் பயல் வாரப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான். "இந்தக் குரல் எங்க அப்பா குடுத்த சொத்து. தினம் காலைல ஒரு பச்சை முட்டை, அவ்வளவுதான் ரகசியம்" என்று சொல்லியிருந்தான். பக்கத்தில் முட்டையோடு படம் வேறு. உழுதவன் ஒருத்தன், களத்தில் மூட்டை கட்டுகிறவன் இன்னொருத்தன். நேவியோ அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் ஒரு வருடம் வைத்திருந்தார். கடைசியில் அவர் மனைவி இனேஸ் சட்டையைத் துவைக்கும்போது எடுத்து அதில் காய்த்தோலைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தாள்.

"இந்த மனுஷன் வீட்ல பேசறதே இல்ல, பூராவையும் அந்தச் சில்வானோவுக்குச் சேத்து வெக்கிறாரு" என்று அவள் மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லுவாள். நேவியோ காதில் விழும்படியாகத்தான் சொல்லுவாள்.

அறுபத்தைந்தாம் வருடம் வசந்தத்தில் வெண்ணெய் திரண்டது. கஸ்தால்தி என்ற இயக்குநர் டப்பிங் அறையின் கண்ணாடி வழியாக நேவியோவின் முகத்தைப் பார்த்தார். சில்வானோ நடிக்கும் அடுத்த படத்தில் ஒரு தகப்பன் வேஷம் காலியாக இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி. சொத்தை அழித்துவிட்டு வருடங்கள் கழித்து வாசலில் வந்து மண்டியிடும் மகனிடம் நான்கு நிமிடம் பேசிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர். நான்கு நிமிட வசனம்! ஜப்திக்காரன் முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் இத்தாலியில் எழுதப்பட்டதில்லை. நேவியோ ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் முகத்துக்குத் தன் குரல்.

"உன் கொரல கையில வெச்சுக்கிட்டு வேற எவன் கொரலய்யா போடப் போறேன்?" என்றார் கஸ்தால்தி. கை குலுக்கினார்கள். காகிதத்தில் எழுதவில்லை.

தொழிலிலேயே ஊறிப்போனவர்கள்தான் செய்யக்கூடிய தப்பு இது. வெளியாள் ஒருவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். சில்வானோவின் குரல் சில்வானோவுடையது என்று ஊர் நம்பியது. தன் குரல் தன்னுடையது என்று நேவியோ நம்பினார். இரண்டு நம்பிக்கையும் ஒரே காட்சியில், ஒரே வாசற்படியில் எதிரும் புதிருமாக நிற்கப் போகின்றன என்பது கஸ்தால்திக்கும் உறைக்கவில்லை, நேவியோவுக்கும் உறைக்கவில்லை.

படப்பிடிப்பு அன்று நேவியோ வசனத்தை எழுத்து பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். சில்வானோ செய்யவில்லை. அவன் ஒருநாளும் செய்ததில்லை. எப்படியும் இன்னொருத்தன் பேசப் போகிறான், எதற்கு மனப்பாடம்? மண்டியிட்டு, கண்ணில் நீர் கோக்க, தகப்பனை அண்ணாந்து பார்த்து, நெஞ்சை உருக்கும் முகத்தோடு, வாய் அசைந்தால் போதும் என்று வசனத்துக்குப் பதிலாக எண்ணினான்: "எழுவத்தொண்ணு. எழுவத்திரெண்டு. எழுவத்திமூணு..."

முதல் தடவை நேவியோ பல்லைக் கடித்துக்கொண்டு வசனத்தைச் சொன்னார். இரண்டாம் தடவையும் சொன்னார். விளக்கில் ஏதோ கோளாறு, மறுபடியும் என்றார்கள். மூன்றாம் தடவை அவன் மண்டியிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நூத்திப் பதினொண்ணு" என்று ஆரம்பித்தபோது நேவியோவுக்குள் பதினான்கு வருடமும் பொங்கி வழிந்தது. வசனம் போன இடம் தெரியவில்லை. ஆனால் முகம் மாறவில்லை. அதுதான் நடிகன். மனம் உடைந்த நீதிபதியின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, நிதானமாகத் திட்டினார்.

"பச்சை முட்டையாடா குடிக்கிற? என் தொண்டைய இல்ல குடிக்கிற. இந்தப் பூனைக் கொரல வெச்சுக்கிட்டு விலாங்கு மீனைக் கூவி வித்திருந்தீன்னா உங்கப்பன் கடைல மீன் அழுகிப் போயிருக்கும். என் கொரல உனக்கு வாடகைக்கு விட்டதுக்கு என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சில்வானோவும் லேசுப்பட்டவன் இல்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய, மகனுக்குரிய பணிவோடு, பதில் சொன்னான்.

"என் மூஞ்சி இல்லேன்னா நீ ரேடியோல மழை நிலவரம் படிச்சுக்கிட்டு இருப்ப, கிழவா. நான் வாயத் தொறந்தாத்தான் உனக்குச் சோறு. நான் மூடிட்டா உனக்கு வாயே கெடையாது."

நேவியோ கதவைச் சாத்தினார். செட்டே அதிர்ந்தது. கஸ்தால்தி எழுந்து நின்று கைதட்டினார். தூரத்தில் இருந்ததால் அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை, முகங்களை மட்டும்தான் பார்த்தார். இதுதான், இதைத்தான் வைக்கப் போகிறேன், மற்ற இரண்டையும் தூக்கிப் போடு என்றார். அப்போது யாரும் நினைக்காத ஒன்று உண்டு. வாயசைவுக்கு அடையாளம் தெரியட்டும் என்று ஒரு மட்ட ரக மைக்கைத் தூணில் கட்டிவைத்திருப்பார்கள். படம் பார்க்கிறவன் காதுக்கு அந்த ஒலி போகாது. டப்பிங் அறை வரைக்கும்தான் போகும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதே கதை.

டப்பிங் அறையின் எஜமானி சின்யோரா எர்சிலியா. ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, விரலிடுக்கில் எப்போதும் சிகரெட். அவள் நாக்குக்குப் பயந்து பெரிய பெரிய நடிகர்கள் மூத்திரம் போகக்கூட அனுமதி கேட்பார்கள். அவள் முதல் நாளே அந்த மட்ட ஒலியைப் போட்டுக் கேட்டாள். விலாங்கு மீன் வந்ததும் ஒலிக்கருவிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எர்சிலியா சிரிக்கவில்லை. நேவியோவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். சில்வானோவின் ஒப்பந்தத்திலேயே குரல் நேவியோ என்று எழுதியிருக்கிறது. ஆகவே நேவியோ சில்வானோவுக்குப் பேச வேண்டும். நீதிபதிக்கு அல்வீசே என்று வெனிஸ்காரன் ஒருவனைப் பிடித்தாயிற்று.

"என் மூஞ்சிக்கு இன்னொருத்தனா?" என்றார் நேவியோ.

"கோவப்படாம கேளுங்க. ஒரு கொரலு ரெண்டு வாயில குடியிருக்காது. அப்பனும் மகனும் ஒரே கொரல்ல சண்டை போட்டா சனங்க சிரிப்பாங்க. அந்தக் கொரலு ஏற்கெனவே ஒரு மூஞ்சிக்குப் போயாச்சு. இனிமே அது உங்களுது இல்ல."

நேவியோ போய்ப் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். அல்வீசே வந்தான். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வளையமாக ஒட்டி ஓட விடுவது அங்கே வழக்கம். ஒரே பத்து விநாடி திரும்பத் திரும்ப வரும், வாய் பொருந்தும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அல்வீசே கெட்டிக்காரன்தான். ஆனால் அந்த வாய் சொன்னது வேறு. 'மகனே, உனக்கு இந்த வீட்டில் இனி இடமில்லை' என்று அவன் கம்பீரமாகச் சொன்னால், திரையில் உதடுகள் பூனைக்கும் மீனுக்கும் குவிந்துகொண்டிருந்தன. நாற்பது தடவை வளையம் சுற்றியது. எர்சிலியா வசனத்தை மாற்றி எழுதினாள், பொருந்தவில்லை. இன்னொரு முறை மாற்றினாள், அல்வீசே மூச்சு வாங்கினான். பின்வரிசையில் நேவியோ கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவர் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை.

மாலை நான்கு மணிக்கு அல்வீசே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். தயாரிப்பாளர் பெரூச்சி மூச்சிரைக்க ஓடி வந்தார். நேவியோ எழுந்து நின்று தன் சங்கதியைச் சொன்னார். அந்த வாய் எப்படிப் போகும் என்று தனக்குத்தான் தெரியும், தான் பேசினால் பொருந்தும். நீதிபதிக்குத் தான் பேசுவதாக இருந்தால் பேசலாம். சில்வானோவுக்கு இனி வாயைத் திறக்கப் போவதில்லை. பெரூச்சி கோர்ட்டு என்றார், வக்கீல் என்றார். ரோமில் எந்த ஒலிப்பதிவு அறை வாசலையும் மிதிக்க முடியாதபடி செய்துவிடுவேன் என்றார். நேவியோ கோட்டுப்பையில் கை விட்டுக்கொண்டு அந்த மனிதரின் வாயசைவையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சில்வானோ உள்ளே வந்தான். அதற்குள் விலாங்கு மீன் விவகாரம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எந்த விடுதிக்குப் போனாலும் அவன் முதுகுக்குப் பின்னால் யாராவது பூனை மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். மட்ட ஒலியைப் போடச் சொன்னான். கேட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னான். மூன்றாவது தடவை முடிந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தான்.

"எனக்கு எவனும் பேச வேணாம். நானே பேசிக்கிறேன்."

பெரூச்சி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "தம்பி, உனக்கென்ன பைத்தியமா?" என்று எர்சிலியா கேட்டாள். அவனுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நேவியோவைத்தான் முறைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நான்கு நாளும் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டாண்டில் வசனத் தாளை வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் வேண்டுமென்றே தொண்டையைக் கனைப்பார். ஒருவர் தண்ணீர்க் குவளையை மற்றவர் தாளில் கொட்டுவார். சில்வானோ சாப்பிடப் போனால் நேவியோ அவன் ஸ்டாண்டைத் தன் உயரத்துக்கு இறக்கி வைப்பார். நேவியோ வெளியே போனால் அவன் இவர் நாற்காலியில் சிகரெட்டை நசுக்குவான். ஒலிக்கருவிக்காரர்கள் யார் முதலில் கை ஓங்குவார்கள் என்று பந்தயம் கட்டினார்கள். எர்சிலியா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திட்டினாள்.

நீதிபதியின் வாயில் நேவியோவின் குரல் முதல் சுற்றிலேயே ஒட்டிக்கொண்டது. பூனையும் மீனும் இருந்த இடத்தில் வேறு சொற்களைப் போட்டு அவரே வசனத்தைத் திருத்தி எழுதியிருந்தார். கோபம் பழைய கோபம், சொல் மட்டும் புதிது. ஒலிக்கருவிக்காரர்களே தலையை ஆட்டினார்கள். அவர் ஆனந்தத்தில் மிதந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு சனியன் குறுக்கே வந்தது. சில்வானோ மோசமாகப் பேசவில்லை. குரல் மெலிசுதான், கொமாக்கியோ வாடை அடிக்கத்தான் செய்தது, ஆனால் 'அப்பா, கதவைச் சாத்தாதீங்க' என்று அவன் சொன்னபோது எர்சிலியா சிகரெட்டை வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்திருந்தாள். நேவியோவுக்கு அது தெரிந்தது. பதினான்கு வருடமாகத் தான் அந்த வாய்க்குப் போட்டது வெல்வெட்டு, இது வெறும் தோல். தோல்தான் உண்மையாக இருந்தது. அதற்காகவும் அவனை வெறுத்தார், முன்னைவிட இரண்டு மடங்கு வெறுத்தார்.

பெரூச்சி ஒரு முடிவுக்கு வந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படத்தையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃப்ரோசினோனே ஊரில் அறிவிக்காமல் போட்டுப் பார்ப்பார். அந்த ஊர்க்காரன் கைதட்டினால் நாடே கைதட்டும் என்பது அவர் கட்சி. ஃப்ரோசினோனே ஒத்துக்கொண்டால் குரல்கள் இப்படியே இருக்கட்டும், யார் முகத்துக்கு யார் குரலோ அப்படியே. விசில் அடித்தால் மறுநாளே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழையபடி செய்ய வேண்டும், ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு செய்ய வேண்டும் என்றார். இத்தாலிக் கொட்டகையில் விசில் என்றால் கொண்டாட்டம் இல்லை, காறித் துப்புவதற்குச் சமம். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேவியோ கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். இனேஸ் முத்து வைத்த தோட்டைப் போட்டுக்கொண்டாள். ரயிலில் போகும்போது அவள், "நாலு நிமிஷத்துக்கா இவ்வளவு அலங்காரம்?" என்று சீண்டினாள். "நாலு நிமிஷந்தான். ஆனா என் நாலு நிமிஷம்" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் அவளிடம் சொன்ன நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகை நிறைந்து வழிந்தது. படக்குழுவுக்கு மாடியில் இடம். மாடியின் முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு சில்வானோ. கீழே இருந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டுக் கையாட்டினார்கள், அவன் தொப்பியை உயர்த்தினான். அவனுக்கு மூன்று வரிசை பின்னால், சுவரோரமாக, நேவியோவும் இனேசும். அவர்களை யாரும் பார்க்கவில்லை.

விளக்கு அணைந்தது. சில்வானோ திரையில் வந்ததும் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவன் வாயைத் திறந்தான். கொட்டகை ஒரு நொடி திகைத்துப்போனது. பிறகு ஒரு சிரிப்பு, அதற்குப் பிறகு நாலைந்து சிரிப்பு. "சத்தம் சரியில்ல, சரி பண்ணு" என்று யாரோ கத்தினார்கள். முதல் விசில் எழுந்தது. பத்து நிமிடத்தில் பத்து விசில். சில்வானோ முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்தக் கழுத்தின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேவியோவுக்கு உள்ளே இனித்தது. வாங்கு, நன்றாக வாங்கு, அப்பன் கொடுத்த சொத்துதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். விசில் யார் மேல் விழுந்தாலும் விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்பது அந்த இனிப்பில் மறந்தே போயிற்று.

பிறகு அந்த வாசற்படி வந்தது. கதவு திறந்தது. மண்டியிட்ட மகனுக்கு மேலே நேவியோவின் முகம் திரையில் பெரிதாகத் தெரிந்தது. அந்த மூக்கு, அந்தப் பை விழுந்த கண்கள், ஜப்திக்காரன் முகம். இனேஸ் மூச்சைப் பிடித்தாள். முகம் வாயைத் திறந்தது. ஆழமாக, நிதானமாக, வெல்வெட்டாக அந்தக் குரல் வந்தது.

நேவியோ இருபது வருடம் காத்திருந்த நொடி அது. அந்த நொடியில் அவர் கண் எங்கே போனது தெரியுமா? குரல் கேட்டதும் தானாக, பழக்கத்தில், சில்வானோவின் வாய்க்குப் போனது. மண்டியிட்டிருந்தவனின் வாய் மூடியிருந்தது. இது என்னடா என்று ஒரு கணம் அவருக்கே குழம்பியது. தன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு கிழவன் சில்வானோவின் குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

கொட்டகை வெடித்தது.

"இதோ இருக்குய்யா சில்வானோ கொரலு! கெழவனுக்குப் போட்டுட்டானுங்க!"

"யோவ், மேல படம் ஓட்டறவனே, தூங்கறியா? கொரல மாத்திப் போட்டுட்ட!"

விசில் கூரையைப் பிளந்தது. நீதிபதி மனமுடைந்து பேசப் பேசச் சிரித்தார்கள். வேர்க்கடலைத் தொலி பறந்தது. யாரோ ஒருவன் திரையில் தெரிந்த நேவியோவின் முகத்தைக் காட்டி, "திருடன்" என்றான், பக்கத்தில் இருந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். திருடன், திருடன், கொரல் திருடன். படம் ஓட்டுகிறவன் பயந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினான். விளக்குகள் பாதி எரிந்தன. ஜனங்களோடு கீழே உட்கார்ந்து பார்த்த பெரூச்சி எழுந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். முடிந்தது, நாளைக்கே எல்லாம் அழிக்கப்படும்.

இனேஸ் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க, உக்காருங்க, வாங்க போயிடலாம்" என்றாள். நேவியோ உட்காரவில்லை. தெருவில், கடையில், டிராமில், பதினான்கு வருடம் மூடியே வைத்திருந்த வாயை அவர் திறந்தார். தொண்டை நரம்பு புடைக்க, கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்க, கத்தினார்.

"அது என் கொரலு! என் கொரல எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டாங்க! அது என்னுதுய்யா, என்னுது!"

விசில் நின்றது. கீழே அறுநூறு தலைகளும் ஒன்றாகத் திரும்பி மாடியை அண்ணாந்து பார்த்தன. சுவரோரத்து இருட்டு அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தது முன்வரிசையும், கறுப்புக் கண்ணாடியும், தொப்பியும்தான்.

"சில்வானோடா! பாவம்யா, அவரே சொல்றாரு!"

"கவலைப்படாதீங்க சில்வானோ! உங்க கொரல நாங்க வாங்கித் தரோம்!"

கைதட்டல் ஒரு மூலையில் ஆரம்பித்து அரங்கம் முழுக்கப் பரவியது. பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நான்தான், நான்தான் பேசுகிறேன், இங்கே பாருங்கள் என்று நேவியோ மறுபடியும் கத்தினார். அவர் கத்தக் கத்த அந்தக் குரலைக் கேட்ட பரவசத்தில் கைதட்டல் கூடியதே தவிரக் குறையவில்லை.

சில்வானோ மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினான். திரும்பி, மூன்று வரிசை தள்ளி, சுவரோரம் நின்றிருந்தவரை ஒரு கணம் பார்த்தான். அன்று மத்தியானம் அந்த விசிலில் அவனும்தான் தன் சொந்தக் குரலை இழந்திருந்தான். பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பி எழுந்து நின்றான். வலது கையை மார்பில் வைத்து, இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, குனிந்து வணங்கினான். வாயை மட்டும் அவன் திறக்கவில்லை.